பூங்கா 10 கி.மீ. பந்தயம்: பேஸர் நேரத்தோடு போவதா, ஆட்களோடு போவதா?

நாலாவது சுற்று:

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் மனசு ஆறவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பேஸராக (சொன்ன நேரத்தில் முடிக்கும்படி வேகத்தைப் பிடித்துக் கூட்டிப் போகிறவராக) ஓடியவர்கள், பேஸரை நம்பி ஓடியவர்கள் இரண்டு பேருமே பதில் சொல்லுங்கள்.

பந்தயம் முழுக்கப் பூங்காவுக்குள்தான். குளத்தைச் சுற்றிப் போகும் தார்ச்சாலை, ஒரு சுற்று 2.5 கி.மீ., நான்கு சுற்று. எங்கள் ஓட்டக் குழுவிலிருந்து 23 பேர் போனோம். 55 நிமிடம், 65 நிமிடம், 75 நிமிடம் என்று மூன்றாகப் பிரிந்து ஓடுவதாக முன்பே பேசி வைத்திருந்தோம். 75-க்கு நான் பேஸர். என்னோடு வந்த ஒன்பது பேருக்கும் இதுதான் முதல் பந்தயம்.

கிலோமீட்டருக்கு 7:30. சுற்று முடிவு நேரங்களை முந்தின இரவே இடது கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்: 18:45, 37:30, 56:15, 75:00. வார்ம்-அப் முடிந்ததும் ஒவ்வொருவருடைய பிப்பையும் (சட்டையில் குத்தும் எண் அட்டை) பார்த்து, நான்கு மூலையிலும் ஊக்கு குத்தியிருக்கிறதா, ஷூ லேஸ் இரட்டை முடிச்சா என்று சரிபார்த்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஆரம்பித்ததும் முன்னால் இருந்த கூட்டம் நகர்ந்தது. எதிரே இடம் காலியாகக் காலியாக நம் கால் தானாகவே அந்த இடத்தைப் பிடிக்க ஓடும், தெரியும்தானே? முதல் கிலோமீட்டர் பலகையில் வாட்ச்சைப் பார்த்தால் 6:48. 42 விநாடி வேகம். திரும்பிப் பார்த்தேன். ஒன்பது பேரும் என் முதுகோடு ஒட்டி வந்துகொண்டிருந்தார்கள். "அண்ணா, இவ்வளவு ஈஸியா இருக்கும்னு நினைக்கவே இல்ல" என்றார் ஒருவர். அந்தப் பேச்சை நம்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

என் சுற்று நேரங்கள்: 17:40, 18:40, 19:10, 19:20. மொத்தம் 74:50. காகிதத்தில் பார்த்தால் அருமையான பேஸர். ஆனால் கடைசியில் என்னோடு கோட்டைத் தாண்டியது மூன்றே பேர். இன்னும் மூன்று பேர் நடந்தும் ஓடியும் 80 நிமிடத்துக்குள் வந்தார்கள். இரண்டு பேர் மூன்றாவது சுற்று முடிவில், பை வைத்திருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்புதான் குழுவில் சேர்ந்த ஒரு தோழி ஆறாவது கிலோமீட்டரில் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்தங்கினார். நான் நிற்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தேன், போய்விட்டேன். அவர் தனியாக ஓடி 86 நிமிடத்தில் முடித்தார்.

என் கேள்வி இதுதான். பேஸர் கொடுத்த வாக்கு 75 நிமிடம். அதைக் காப்பாற்றினேன். அப்புறம் ஏன் தப்பு செய்தது போலவே இருக்கிறது?

சீரான மூச்சு:

தம்பி, நீங்கள் ஆறாவது கிலோமீட்டரில் தப்பு செய்யவில்லை. முதல் கிலோமீட்டரில் செய்தீர்கள். அங்கே விதைத்ததை ஆறில் அறுத்தீர்கள்.

ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடம் உடம்பு உண்மையைச் சொல்லாது. தசை கேட்கிற அளவு ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொண்டுவந்து சேர்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை தசை தன் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கும். அதனால்தான் எல்லாருக்கும் "ஈஸியா" இருந்தது. தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டி ஓடினால் கையிருப்பு சீக்கிரம் கரையும், மூச்சு இரைக்கும், கால் கனக்கும். பழக்கமுள்ள உங்களுக்கு 6:48 ஒன்றும் இல்லை. 7:30-ஐயே எட்டிப் பிடிக்கிறவருக்கு அது வேறு பந்தயம்.

பேஸர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் கென்ய மாரத்தான் வீரர் எலியூட் கிப்சோகே வியன்னாவில் ஓடியதைப் பாருங்கள். அதுவும் ஒரு பூங்காதான், பிராட்டர். இருபுறமும் மரம் நிற்கும் நேரான சாலையில் திரும்பத் திரும்ப ஓடினார். 2019 அக்டோபர் 12-ஆம் தேதி 42.195 கி.மீ. தூரத்தை 1:59:40-இல் முடித்தார். 41 பேஸர்கள் முறை வைத்து மாறி மாறி ஓடினார்கள். முன்னால் போன வண்டி சாலையில் ஒளிக்கோடு போட்டுக் காட்டியது. அப்படி ஆள் மாற்றி ஓடியதாலும், எல்லாரும் கலந்துகொள்ளும் போட்டியாக இல்லாததாலும் அது உலக சாதனையாகக் கணக்கில் வரவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய கிலோமீட்டர் நேரங்கள். எல்லாமே 2:48-க்கும் 2:52-க்கும் நடுவில். உலகத்தின் சிறந்த மாரத்தான் வீரரே முதல் கிலோமீட்டரில் நாலு விநாடி கூட முந்திப் போகவில்லை. நீங்கள் 42 விநாடி முந்திப் போனீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இப்படி ஆட்களை இழந்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

நாலாவது சுற்று:

கோபமே இல்லை சார். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்ததுதான் உறுத்துகிறது.

மரநிழல்:

நான் 65 நிமிடக் கூட்டத்தின் பேஸர். எங்கள் சுற்றுகள் 16:30, 16:15, 16:10, 16:00. ஏழு பேர் தொடங்கினோம், ஏழு பேரும் ஒன்றாக முடித்தோம்.

செய்தது ஒன்றுதான். முதல் 400 மீட்டர் வேண்டுமென்றே மெதுவாக இழுத்துப் பிடித்தேன். பக்கத்தில் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். கூட வந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை, "போகலாம் போகலாம்" என்றார்கள். "எனக்கு உங்கள் பள்ளிக்கூடத்துப் பெயரை முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்" என்றேன். ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஒருவருக்கு வாக்கியம் பாதியில் உடைந்தது, அவருக்காக இன்னும் கொஞ்சம் குறைத்தோம். இரண்டாவது சுற்றில், எங்களைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேரை நாங்கள் தாண்டினோம். அப்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணா, உங்களிடம் ஒன்பது பேர், எல்லாரும் புதியவர்கள். ஒரே பேஸருக்கு அது அதிகம். அது உங்கள் தப்பு மட்டும் இல்லை, பிரித்த நாங்கள் எல்லாரும் யோசித்திருக்க வேண்டும்.

புது ஷூ:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் வாட்ச்சில் மொத்த தூரம் 10.21 கி.மீ. காட்டியது. பக்கத்தில் ஓடியவருக்கு 10.17. அப்படியானால் பாதையே 200 மீட்டர் நீளமா? 75 நிமிடக் கூட்டம் தவறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமே?

அளவு நாடா:

நீளம் இல்லை. அந்தப் பாதையை அளந்தபோது நானும் உடன் இருந்தேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

சாலைப் பந்தயப் பாதையை வாட்ச்சால் அளப்பதில்லை, காரின் மீட்டராலும் அளப்பதில்லை. சைக்கிளால் அளக்கிறோம். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்ன எண்ணி பொருத்தியிருக்கும். சக்கரம் ஒரு முறை சுற்றினால் இருபதுக்கும் மேற்பட்ட எண்கள் நகரும். முதலில் இரும்பு நாடாவால் துல்லியமாக அளந்த ஒரு நேர்த் துண்டில் சைக்கிளை நாலு முறை ஓட்டி, எத்தனை எண்ணுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். பாதையை அளந்து முடித்ததும் மறுபடி அதே துண்டில் ஓட்டிப் பார்ப்போம். வெயில் ஏறினால் டயரில் காற்று விரியும், கணக்கு மாறும், அதற்காக.

சைக்கிள் போக வேண்டியது ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழி. வளைவில் உள் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி. அது போதாதென்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட்டி வைப்போம், பாதை தப்பித்தவறிக் கூடக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக உங்கள் 10 கி.மீ. பாதை உண்மையில் 10,010 மீட்டர். அவ்வளவுதான்.

மீதி எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி நீங்கள் ஓடிய ஓரம். குளத்தை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது உள் ஓரத்திலிருந்து 3 மீட்டர் வெளியே ஓடினால் சுற்றுக்குக் கிட்டத்தட்ட 19 மீட்டர் கூடும். குளம் பெரிதோ சிறிதோ, கூடுவது அதே 19 தான். வட்டத்தின் கணக்கு அப்படி. நான்கு சுற்றுக்கு 75 மீட்டர். அங்கங்கே சாலை எதிர்ப்பக்கம் வளைகிற இடங்களில் குறுக்கே போகாமல் சாலையின் போக்கிலேயே ஓடினால் இன்னும் கூடும். தாண்டுவதற்காக வெளியே போய் வந்தது தனி. மிச்சம் ஜிபிஎஸ். மரக்கூட்டத்துக்கு அடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை சிதறும், வாட்ச் உங்களைக் குளத்துக்குள்ளேயே இரண்டு முறை இறக்கியிருக்கும். வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

அதனால் பந்தயத்தில் வாட்ச் "ஒரு கிலோமீட்டர்" என்று அதிர்வதை நம்பாதீர்கள். பலகையைக் கடக்கும்போது பட்டனை அழுத்துங்கள்.

புது ஷூ:

பார்த்தேன். இரண்டு இல்லை, மூன்று இடத்தில் தண்ணீர் மேல் நடந்திருக்கிறேன். நன்றி. இன்னொரு சந்தேகம்: முடிவுப் பட்டியலில் எனக்கு இரண்டு நேரம் இருக்கிறது, ஒன்றுக்கொன்று 1:10 வித்தியாசம்.

அளவு நாடா:

பெரியது கன் டைம், தொடக்க ஒலி கேட்ட நொடியிலிருந்து. சிறியது சிப் டைம், நீங்கள் தொடக்கக் கோட்டின் மேட்டை (சிப்பைப் படிக்கிற விரிப்பு) மிதித்ததிலிருந்து. பின்னால் நின்றதால் கோட்டுக்கு வரவே 1:10 ஆகியிருக்கிறது. யார் முதல், யார் இரண்டாவது என்பதற்குக் கன் டைம். உங்களுடைய முன்னேற்றத்தைப் பார்க்கச் சிப் டைம்.

சொல்ல நினைத்த இன்னொன்று: உங்கள் குழுவில் ஒருவருக்கு இரண்டாவது சுற்று பதிவாகவில்லை. பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் சிப்பில் பேட்டரி கிடையாது. மேட்டிலிருந்து வரும் அலைதான் அதற்கு உயிர். பிப்பை மடித்து இடுப்புப் பட்டைக்குள் செருகினால் வியர்த்த உடம்பு அந்த அலையை விழுங்கிவிடும். பிப் முன்பக்கம், விரித்து, வெளியே தெரிய இருக்க வேண்டும்.

மூன்று மாத ஓட்டம்:

விலாவைப் பிடித்துக்கொண்டு பின்தங்கியது நான்தான். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அண்ணா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் எழுதுகிறேன்.

அண்ணா, ஆறாவது கிலோமீட்டரில் நீங்கள் திரும்பிப் பார்த்தபோது "போங்க" என்று கையைக் காட்டியது நான். உண்மையாகத்தான் காட்டினேன். எனக்காக மற்றவர்கள் நேரம் கெடக் கூடாது என்று நினைத்தேன். அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

வலி வலது விலாவுக்குக் கீழே, ஊசி குத்துவது போல. கொஞ்ச தூரம் நடந்தேன். குறைந்ததும் ஓடினேன், மறுபடி வந்தது, மறுபடி நடந்தேன். மூன்றாவது சுற்று முடிவில் பைகள் இருக்கும் இடத்தைக் கடக்க வேண்டும். நம்மவர்கள் இரண்டு பேர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்திருக்கலாம். ஏன் உட்காரவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது சுற்றில் சாலை காலி. அதுவரை கூட்டத்தில் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. என் ஷூ தேய்கிற சத்தம், பிப்பின் ஒரு மூலை ஊக்கு கழன்று படபடவென்று அடிக்கிற சத்தம். தன்னார்வலர்கள் எனக்குப் பின்னால் கூம்புகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசி ஆளோடு வருவதற்கென்றே ஒருவரை விட்டிருந்தார்கள். வயதானவர், தோளில் ஒரு துணிப்பை. அவர் "சீக்கிரம்" என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. பத்தடி பின்னாலேயே வந்தார். நான் நடந்தால் நடந்தார், ஓடினால் ஓடினார்.

ஒன்பதாவது கிலோமீட்டர் பலகை தாண்டியதும் குளத்துக்கு மறுகரையில் ஃபினிஷ் தெரியும். அங்கே நம் குழுவின் டீ-ஷர்ட் நிறம் தெரிந்தது. முன்வரிசை உட்கார்ந்து, பின்வரிசை நின்று, குழுப்படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். கையைத் தூக்கிக் கத்தியது தண்ணீரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

அதுதான் வலித்தது. விலா வலிக்கவில்லை அப்போது.

நான் வந்தபோது மேட் இன்னும் இருந்தது. கோட்டில் நின்று கைதட்டியவர்கள் பந்தயம் நடத்தியவர்கள். நம்மவர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள், மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். படத்தில் 22 பேர் இருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன்.

நாலாவது சுற்று:

படம் எடுக்கும் முன் "எல்லாரும் வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்டார். "வந்தாச்சு" என்று சொன்னது நான்.

என்னோடு வந்த மூன்று பேரையும், அப்புறம் வந்த மூன்று பேரையும், நின்றுவிட்ட இரண்டு பேரையும் பார்த்தேன். எட்டு முகம். ஒன்பதாவதை நான் எண்ணவில்லை. உங்கள் லேஸைக் குனிந்து சரிபார்த்தவன் நான். ஒன்றரை மணி நேரத்தில் மறந்திருக்கிறேன்.

மன்னித்துவிடுங்கள். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் வரிசை:

55 நிமிடக் கூட்டத்தில் ஓடியவன் நான். படம் எடுக்கலாம் என்று அவசரப்படுத்தியதும் நான்தான். அதனால் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் முடித்து 25 நிமிடம் ஆகியிருந்தது. நனைந்த துணியோடு நின்றால் உடம்பு சட்டென்று குளிர்ந்து தசை இறுகும். சிலருக்கு வேலைக்குப் போக வேண்டும். வேண்டுமென்று யாரும் விட்டுவிடவில்லை. ஆனால் தோழி எழுதியதைப் படித்த பிறகு அந்தப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குழுவின் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

ஒன்று தோன்றுகிறது. வேகமாக முடிக்கிற நாங்கள் எப்படியும் கூல்-டவுனுக்கு 2 கி.மீ. மெதுவாக ஓடுகிறோம். அதை வாகன நிறுத்துமிடத்தில் ஓடுவதை விட, பாதைக்கு எதிர்த்திசையில் நடைபாதை வழியாகப் போய்க் கடைசி ஆளைக் கண்டு, அங்கிருந்து கூடவே திரும்பி வந்தால் என்ன?

சீரான மூச்சு:

நல்ல யோசனை, ஒரு எச்சரிக்கையோடு. பந்தயத்தில் இல்லாத ஒருவர் ஓடுகிறவருக்குப் பக்கத்தில் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பது சாலைப் பந்தய விதிப்படி உதவி என்று கருதப்படும். பரிசுக்கு ஓடுகிறவருக்கு அப்படிச் செய்தால் அவரைத் தகுதிநீக்கம் செய்யவும் வழி உண்டு. கடைசியில் வருகிறவருக்கு யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், ஆனாலும் நடத்துகிறவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நடைபாதையிலேயே இருங்கள், பிப்பைக் கழற்றிவிடுங்கள். பிப்போடு மேட் பக்கம் போனால் சிப் மறுபடி பதிந்து பட்டியல் குழம்பும்.

காலைப் பனி:

கடைசியில் வருகிறவரைப் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். லண்டனில் புஷி பார்க் என்று ஒரு பூங்கா. 2004 அக்டோபர் 2-ஆம் தேதி அங்கே 13 பேர் கூடி 5 கி.மீ. ஓடினார்கள். பார்க்ரன் என்று இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடப்பதன் ஆரம்பம் அதுதான். அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹூவிட் அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தவர். தான் ஓட முடியாவிட்டாலும் ஓட்ட நண்பர்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாரம் ஒரு நாள் அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்க நின்றார். ஓடாத ஒருவர் தொடங்கியது என்பதாலோ என்னவோ, அங்கே ஒரு நல்ல வழக்கம்: எல்லாருக்கும் பின்னால் நடந்து வர ஒரு தன்னார்வலர் உண்டு. பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. வேறு யாருமே கடைசி ஆக முடியாது.

தோழி, உங்களோடு துணிப்பையோடு வந்தாரே, அவர் செய்ததும் அந்த வேலைதான். அவர் உங்களுக்குப் பின்னால் கோட்டைத் தாண்டினார், இல்லையா?

மூன்று மாத ஓட்டம்:

ஆமாம். மேட்டுக்கு முன்னால் நின்று, நான் தாண்டிய பிறகுதான் தாண்டினார். இப்போதுதான் புரிகிறது.

காலைப் பனி:

பூங்காவில் சுற்றிச் சுற்றி ஓடுவது லேசான காரியமும் இல்லை. நியூயார்க் மாரத்தான் 1970-இல் தொடங்கியபோது முழுக்க முழுக்க சென்ட்ரல் பார்க்குக்குள்தான் நடந்தது, பல சுற்றுகள். 127 பேர் தொடங்கி 55 பேர்தான் முடித்தார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான ஃப்ரெட் லெபோவும் ஓடி 45-ஆவதாக வந்தார். 1976-இல்தான் அது பூங்காவை விட்டு ஊருக்குள் போனது. நேர்ப்பாதையில் நடுவில் நின்றால் திரும்பி வரவே வண்டி தேட வேண்டும். சுற்றுப்பாதையில் ஒவ்வொரு முறையும் நிழலும் பையும் தண்ணீரும் இருக்கும் இடத்தைக் கடந்து போக வேண்டும். அந்த மூன்றாவது சுற்றில் உட்காராமல் போனீர்களே, அந்தப் பத்து மீட்டர்தான் உங்கள் பந்தயம்.

மரநிழல்:

விலாக் குத்துக்கு எனக்குப் பலன் தந்தது: வேகத்தைக் குறைத்து, குத்துகிற இடத்தை இரண்டு விரலால் அழுத்தி, கொஞ்சம் முன்னால் குனிந்து, மூச்சை வாய் வழியாக நீளமாக, முழுசாக வெளியே விட வேண்டும். நாலைந்து முறை. ஓடுவதற்குச் சற்று முன்பு நிறையத் தண்ணீர் குடித்தாலும் இது வரும். தோழி, கிளம்புவதற்கு முன்னால் முழு பாட்டிலையும் குடித்ததைப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 10 கிலோமீட்டருக்கு அவ்வளவு தேவையில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். அளவு மீறிக் குடித்துக்கொண்டே மணிக்கணக்கில் ஓடினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகவே முடியலாம்.

மூன்று மாத ஓட்டம்:

பயத்தில் குடித்தேன். வாய் வறண்டுகொண்டே இருந்தது. சரி, இனி இல்லை.

நாலாவது சுற்று:

நேற்று இரவு குழுவில் பேசினோம். புதியவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு இரண்டு பேர். ஒருவர் நேரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால், இன்னொருவர் கடைசி ஆளுக்குப் பின்னால். பின்னால் போகிறவருக்கு நேரக் கணக்கு கிடையாது, வாட்ச்சே தேவையில்லை. அடுத்த பந்தயத்தில் அந்த வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதல் வரிசை நண்பரும் அவர் கூட்டமும் கூல்-டவுன் ஓடிக் கடைசி ஆளைக் கூட்டி வருவார்கள். பெயர் எழுதிய தாள் ஒருவர் கையில் இருக்கும், எல்லாப் பெயருக்கும் நேரே கோடு விழுந்த பிறகுதான் படம்.

அந்த 22 பேர் படத்தை நீக்கிவிட்டோம். ஞாயிறு காலை பயிற்சிக்கு எல்லாரும் பதக்கத்தோடு வருகிறோம். அதே குளக்கரை, அதே இடம். நின்றுவிட்ட இரண்டு பேரும் அன்று கடைசிச் சுற்றை ஓடி முடிக்கப் போகிறார்களாம். அவர்களாகவே கேட்டார்கள்.

தோழி, நீங்கள் வருவீர்களா?

மூன்று மாத ஓட்டம்:

வருகிறேன். அவர்களோடு அந்தச் சுற்றை நானும் ஓடுகிறேன், அந்தச் சாலையை இன்னொரு முறை ஆட்களோடு பார்க்க வேண்டும். ஒரு நிபந்தனை அண்ணா. முதல் கிலோமீட்டர் எட்டு நிமிடம். யார் தாண்டிப் போனாலும் எட்டு நிமிடம். "போகலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் வேகம்.

நாலாவது சுற்று:

எட்டு நிமிடம். கையில் எழுதிக்கொள்கிறேன்.